கைப்பேசிக்கும் ஓர் ஆசாரம்

விடியற்காலையில் சுப்ரபாதம் கேட்பதற்கும், நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைப் பெரிய எழுத்தில் வைத்துச் சேவிப்பதற்கும், அன்றைய திதி, நட்சத்திரம் பார்ப்பதற்கும் இன்று கைப்பேசியே துணை. திருச்சி புத்தூரிலும் அதை அடுத்த உறையூர், தில்லைநகர்ப் பகுதிகளிலும், காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்து வீதிகளிலும் பார்வை மங்கிய முதியோர் பலர் அதைப் பூஜை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டனர். கைதவறி விழுந்தால் உடையாமல் இருக்கப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ அதற்கு ஓர் உறையும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். புத்தகம்போல் திறந்து மூடுவது; பழுப்பு நிறத்தில், தொட்டால் மெத்தென்று இருப்பது.

அந்த உறை எதனால் ஆனது? வெள்ளிக்கிழமைதோறும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் கை, அதே பசுவின் தோலைப் பற்றிக்கொண்டு பாராயணம் செய்கிறதோ என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால் மனம் அமைதி கொள்வதில்லை. அற்பமான ஐயம் என்று இளையவர்கள் சிரிக்கலாம். மடியும் விழுப்பும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது அற்பமன்று.

கோயிலுக்குள் இந்தக் கேள்விக்கு இப்போது பெரும்பாலும் இடமில்லை. திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பர் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. கைப்பேசியே உள்ளே வரக்கூடாது என்றான பின் உறையைப் பற்றிய பேச்சு எதற்கு? ஆனால் வீட்டுப் பூஜை அறைக்கு நீதிமன்றமும் இல்லை, காவலரும் இல்லை. அங்கே அவரவர் மனச்சாட்சிதான் வாயிற்காப்போன்.

தோல் தீட்டு என்பது பொது விதி. ஆயினும் விதிக்குள் விலக்குகள் உண்டு. உபநயனத்தில் பூணூலோடு சேர்த்துக் கட்டும் மான்தோல் துண்டைத் தீட்டு என்று எவரும் சொன்னதில்லை. கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் தியானத்துக்கு ஆசனம் அமைக்கும் முறையைச் சொல்லும்போது கண்ணன் தர்ப்பை, மான்தோல், துணி ஆகிய மூன்றையும் குறிப்பிடுகிறான். அடியில் தர்ப்பை, அதன்மேல் தோல், அதற்கும் மேலே துணி என்று உரையாசிரியர்கள் விளக்குவர். உடம்பில் படுவது துணிதான் என்பது கவனிக்கத்தக்கது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான வழுவூரில் சிவபெருமான் யானையின் தோலை உரித்துப் போர்த்த கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். முனிவர்கள் புலித்தோலில் அமர்ந்தார்கள். இவை யாவும் காட்டை ஒட்டிய வாழ்வுக்கு உரியவை. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலித்தோல், மான்தோல் விற்பனையைக் குற்றமாக்கியிருக்கிறது. பூஜைப் பொருள் என்று சொல்லி யாரேனும் விற்க வந்தாலும் வாங்கலாகாது. வாங்கியவரும் வழக்கில் சிக்குவார்.

திருக்கொட்டாரத்துத் தூண்

தோலைப் பற்றிப் பேசும்போது திருவரங்கத்து அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெருமாளின் பாதணிகள். பெரிய கோயிலில் நெற்களஞ்சியம் அமைந்த திருக்கொட்டாரத்தின் பக்கம், ஒரு தூணில் பெரிய அளவிலான தோல் பாதணிகள் மாட்டப்பட்டிருக்கும். காலணி தைக்கும் தொழிலாளர் விரதமிருந்து பெருமாளுக்குச் சமர்ப்பிப்பவை அவை. இருவர் ஒருவரையொருவர் அறியாமல் ஆளுக்கொரு பாதணியாகச் செய்து கொண்டுவர, வலமும் இடமும் அளவில் ஒத்திருக்கும் என்பதும், பழையன கழற்றப்படும்போது நடந்து தேய்ந்தவைபோல் காணப்படும் என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்திகள். உலகளந்த திருவடிகள் இரவில் உலா வருகின்றன என்று நம்புவோர் அந்தத் தூணருகே நின்று பாதணிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

இதே திருவரங்கத்தில்தான் வேதாந்த தேசிகர் பெருமாளின் பாதுகையைப் பற்றி 1,008 சுலோகங்கள் கொண்ட பாதுகா சஹஸ்ரத்தை அருளினார். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது சம்பிரதாயம். திருவடியைப் பாடாமல் திருவடியைத் தாங்கும் பாதுகையை 32 பத்ததிகளாகப் பிரித்துப் பாடியது வைணவத்தின் தனி ருசி.

ஆக, தோல் என்றாலே இழிவு என்று சொல்லிவிட முடியாது. தோலை வேண்டாம் என்று ஒதுக்குவது வேறு. தோல் வேலை செய்பவரை ஒதுக்குவது வேறு. முன்னது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் நியமம். பின்னது பாவம். பாதணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கை, அதைத் தைத்த கையைத் தொடத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. புத்தூருக்குப் பக்கத்து உறையூர்தான் திருப்பாணாழ்வாரின் ஊர். காவிரிக் கரையில் மெய்மறந்து பாடிநின்ற அவர் மீது கல்லெறிந்த லோகசாரங்க முனிவரையே, அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்கு அழைத்துவரும்படி பெருமாள் பணித்தார். முனிவாகனர் என்ற திருநாமம் அதனால் வந்தது. இந்த வரலாறு தெரிந்த ஊரில் ஆசாரத்தின் பெயரால் எவரையும் தள்ளி நிறுத்துவதற்கு இடமேது?

சந்நிதியில் ஒலிக்கும் தவிலும் உற்சவ மண்டபத்துக் கச்சேரியில் ஒலிக்கும் மிருதங்கமும் தோல் கருவிகளே. மிருதங்கத்துக்கு ஆடு, பசு, எருமை ஆகிய மூன்றின் தோலும் வேண்டும் என்பது ரசிகர்கள் பலர் எண்ணிப் பார்க்காத செய்தி. பெங்களூரில் செயற்கை இழைகொண்டு தோலில்லாத மிருதங்கமும் செய்து பார்த்திருக்கிறார்கள். வித்துவான்களுள் பெரும்பாலோர் இன்னும் பழைய நாதத்தையே நாடுகின்றனர்.

புத்தூரின் வழிபாட்டு மரபும் ஒரே வகையானதன்று. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் அருள்புரியும் குழுமாயி அம்மனுக்கு மாசித் திருவிழாவில் ஆட்டுக்குட்டிகள் பலியிடப்பட்டு, மருளாளி அவற்றின் குருதியைப் பருகும் குட்டி குடித்தல் நடைபெறுகிறது. அங்கே கூடும் பல்லாயிரம் பேரும் பக்தர்கள்தாம். அவர்களுக்குத் தோல் ஒரு கேள்வியே அன்று. தோலைத் தவிர்க்க விரும்புவோர் தம் விருப்பத்தை ஊருக்கெல்லாம் விதியாக்க வேண்டியதில்லை. தம் கைப்பேசிக்கு மட்டும் விதியாக்கிக்கொண்டால் போதும்.

ஆவாரம் பட்டையும் குரோமியமும்

தமிழகம் தோலுக்குப் பெயர்போன நாடு. சாலையோரம் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்து, அந்தத் துவர்ப்புச் சாற்றில் வாரக்கணக்கில் தோலைப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பைக்கொண்டு ஓரிரு நாளிலேயே பதப்படுத்தும் முறை சென்னைக்கு வந்தது. அத்தகைய ஆலையை ஒட்டி எழுந்ததால்தான் குரோம்பேட்டை என்ற பெயரே ஏற்பட்டது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகிய ஊர்களைப்போலத் திருச்சியிலும், விமான நிலையத்தை ஒட்டிய செம்பட்டில், தோல் பதனிடும் ஆலைகள் உண்டு.

இந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது என்பதும் ஊரறிந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில், தோல் ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாகக் குறிப்பிட்டது. 1 கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்ற கணக்கும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பசுவைக் குறித்துக் கவலைப்படும் மனம் ஆற்றைக் குறித்தும் கவலைப்பட வேண்டும் அல்லவா? காவிரியைத் தாயென்று வணங்கும் ஊராருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரெக்ஸினின் குற்றம்

அப்படியானால் தோலல்லாத உறையை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். கடையில் கேட்டால், "இது ரெக்ஸின்தான் சார், தோல் இல்லை" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ரெக்ஸின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் தன் சரக்குக்கு வைத்த பெயர். துணியின்மேல் ஒரு பூச்சைப் பூசித் தோல்போல் தோற்றமளிக்கச் செய்தது. பழைய தமிழ்நாட்டுப் பேருந்து இருக்கைகளில் அமர்ந்து வியர்த்தவர்களுக்கு அந்தச் சரக்கு நன்கு பரிச்சயம். இப்போது அந்தப் பூச்சு பி.வி.சி. அல்லது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக். 'பி.யு. லெதர்' என்றும் 'வீகன் லெதர்' என்றும் உறைகளின்மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் விலங்கு இல்லை. ஆனால் இது பெட்ரோலியத்தின் குழந்தை.

இதன் பெருங்குறை உரிதல். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் பாலியூரிதேன் பூச்சு மெல்லச் சிதைகிறது. திருச்சியின் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் இரண்டு மூன்று முறை கண்ட மடிப்பு உறையை எடுத்துப் பார்த்தால் மடிப்பின் ஓரத்தில் விபூதிப் பொட்டலம்போல் உதிர்ந்துகொண்டிருக்கும். உதிர்ந்த செதில்கள் கோலத்திலும் நைவேத்தியத் தட்டருகிலும் விழும். தோலைத் தவிர்த்தோம் என்ற நிம்மதி, பிளாஸ்டிக் துகளைப் பெருக்கும் வேலையில் முடிகிறது. பழையதைப் போகிப் பண்டிகையன்று நெருப்பில் போடுவது அதைவிடக் கேடு. பி.வி.சி. எரிந்தால் எழும் புகை மூச்சுக்குழலை அரிக்கும் அமில வாயுவைக் கொண்டது. ஆஸ்துமா உள்ள முதியோர் தெருவில் நிற்கவே கூடாது.

எது தோல், எது ரெக்ஸின் என்று அடையாளம் காணச் சில எளிய வழிகள் உண்டு. வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும்: தோலின் ஓரம் நாரடர்ந்து சொரசொரவென்றிருக்கும், ரெக்ஸினின் ஓரத்தில் மேலே வழுவழுப்பான படலமும் கீழே நெய்த துணியும் தனித்தனியே தெரியும். தோலின் மேலுள்ள நுண்துளைகள் ஒழுங்கற்றவை. ரெக்ஸினில் அச்சடித்த வடிவம் மாறாமல் திரும்பத் திரும்ப வரும். நெருப்பைக் காட்டிச் சோதிப்பது வேண்டாத வேலை. பெயர்களும் ஏமாற்றும். 'ஜென்யுயின் லெதர்', 'நாப்பா', 'ஸ்வீட்', 'நியூபக்' யாவும் விலங்கின் தோலே. 'பாண்டட் லெதர்' என்பது தோல் தூளைப் பாலியூரிதேனோடு பிணைத்துச் செய்தது. இரண்டின் குற்றமும் ஒருங்கே உடையது. காலணி வாங்குவோர் அடியில் ஒட்டிய சின்னத்தைக் கவனிக்கலாம்: விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல், சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள், வலைப்பின்னல் இருந்தால் துணி. கைப்பேசி உறைகளில் இச்சின்னத்தைக் காண்பது அரிது.

வெளிநாட்டிலும் இதே திண்டாட்டம்தான். ஆப்பிள் நிறுவனம் 2023 செப்டம்பரில், கரிம உமிழ்வைக் குறைக்கப்போவதாகச் சொல்லி, தன் துணைப்பொருள்கள் அனைத்திலும் தோலை நிறுத்தியது. பதிலாக 'ஃபைன்வோவன்' என்ற நெய்த உறையைக் கொண்டுவந்தது. நகம் பட்டாலே கீறல் விழுகிறது, அழுக்கேறுகிறது என்று வாங்கியவர்கள் குறைகூற, மறுஆண்டு வந்த புதிய கைப்பேசிகளுக்கு அந்த உறையே வரவில்லை.

நம் நாட்டில் நடக்கும் முயற்சிகள் பக்தர்களுக்கு இன்னும் உவப்பானவை. கான்பூரில் கோயில்களில் சூட்டிக் கழித்த மலர்கள் கங்கையில் கொட்டப்படுவதைத் தடுக்க அவற்றைச் சேகரித்து ஊதுவத்தி செய்யும் நிறுவனம் ஒன்று உள்ளது. குவித்து வைத்த மலர்க்கழிவின்மேல் நார்ப்படலம் ஒன்று படர்ந்திருப்பதை அங்கிருந்தோர் ஒருமுறை கவனித்தனர். அதைக்கொண்டு தோலை ஒத்த பொருளை உருவாக்கி 'ஃப்ளெதர்' என்று பெயரிட்டனர். கேரளத்தில், ஆலைகள் வீணே கொட்டும் தேங்காய்த் தண்ணீரில் நுண்ணுயிரைப் பெருக்கி, அது நெய்யும் படலத்திலிருந்து 'மலாய்' என்ற பொருளைச் செய்கிறார்கள். அடையாற்று ஆராய்ச்சி நிலையமே மாம்பழக் கூழிலிருந்து தோல்போன்ற பொருள் செய்யும் முறையைக் கண்டிருக்கிறது. பூ, தேங்காய், பழம்: அர்ச்சனைத் தட்டு முழுவதும் வந்துவிட்டது! எனினும் தாவரத் தோல் என்று விற்கப்படுபவை பலவற்றில் பிடிமானத்துக்காகப் பாலியூரிதேனும் கலந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. புத்தூர் நாலு ரோட்டிலோ என்.எஸ்.பி. ரோட்டிலோ இவை எளிதில் கிடைக்கும் நாள் இன்னும் வரவில்லை.

உறையூர்த் துணி

விடை இவ்வளவு தொலைவில் இல்லை. உறையூரின் பருத்தித் துணி ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கடல் கடந்து சென்றது. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூல் ஒன்று 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அது உறையூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சோழர் தலைநகராக இருந்த அந்த ஊரில் கைத்தறிச் சேலை இன்றும் நெய்யப்படுகிறது. பழைய பருத்திச் சேலையின் முந்தானையை மடித்துத் தைத்தால் இரண்டு மூன்று சுருக்குப் பைகள் கிடைக்கும். பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த அதே பைதான். அன்று வெற்றிலையும் சில்லறையும், இன்று கைப்பேசி.

ஆசாரத்தை நுணுகிப் பார்ப்பவருக்குத் துணியின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அதை நனைத்து உலர்த்தலாம். நனைத்து உலர்த்தினால் மடி. தோலையும் ரெக்ஸினையும் அப்படித் தோய்க்க முடியாது. ஈரத்தில் தோல் விறைக்கும், ரெக்ஸின் உரியும். பாராயணத்துக்கென ஒரு பை, வெளியில் செல்ல ஒரு பை என வைத்துக்கொண்டால் சிக்கலே இல்லை. துணிப்பை மட்டும் இருந்தால் கைப்பேசி விழும்போது காக்காது. அதற்கு மெல்லிய சிலிகோன் உறையை மாட்டி, அதன்மேல் துணிப்பையில் இடலாம். சிலிகோன் விலங்கினின்று வந்ததன்று, எளிதில் உரியாது, கழற்றிச் சோப்பு நீரில் கழுவலாம், வழுக்காமல் பிடிக்க முதியோரின் விரலுக்கு ஏற்றது. சந்தனமும் எண்ணெயும் பட்ட இடத்தை உடனே துடைத்தால் கறையும் தங்காது.

மடிப்பு உறை வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தோலா துணியா என்பதைக் காட்டிலும் முக்கியமானது. புத்தகம்போல் மூடும் உறைகள் பலவற்றில், மூடி தானே ஒட்டிக்கொள்வதற்காகக் காந்தம் வைத்துத் தைத்திருப்பார்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் அத்தகைய உறையைச் சட்டைப்பையில் வைக்கவே கூடாது. காந்தம் அருகில் இருந்தால் கருவியின் இயக்கம் மாறக்கூடும். குறைந்தது 6 அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். படுக்கையில் மார்பின்மேல் வைத்துக்கொண்டு பிரபந்தம் கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சந்தேகம் இருந்தால் பேஸ்மேக்கர் பொருத்திய மருத்துவரிடம் உறையையே எடுத்துச் சென்று காட்டலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தோல் உறையை என்ன செய்வது? குப்பையில் எறிந்தால் இறந்த உயிருக்கு மறுபடியும் ஓர் அவமதிப்பு. இன்னொன்று வாங்கினால் இன்னும் ஒரு செலவு. பூஜை அறைக்கு வெளியே, வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போகும்போது பயன்படுத்திக்கொண்டு, அது தேயும்வரை வைத்திருப்பதே நியாயம். நன்கு பதப்படுத்திய தோல் பத்தாண்டும் தாங்கும். தையல் விட்டால், பேருந்து நிறுத்தத்து மரநிழலில் ஊசியும் மெழுகு நூலுமாக அமர்ந்திருக்கும் தொழிலாளரிடம் கொடுத்தால் போதும். அசல் தோலா, ரெக்ஸினா என்ற ஐயத்தையும் அவரிடமே கேட்கலாம். கடைக்காரர் தயங்கும் இடத்தில், அவர் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.